சனிக்கிழமை எழுத்து வகுப்பு: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயிலின் பக்கத்து மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் காலை 9 மணிக்குத் தமிழ் எழுத்து வகுப்பு நடத்துகிறேன். சுற்றுவட்டாரத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வகுப்பில் ஆண்டு 1 பிள்ளையும் உண்டு, படிவம் 5 மாணவியும் உண்டு, மூலையில் பாய் விரித்து உட்காரும் இரண்டு பாட்டிமாரும் உண்டு. பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போதும், சந்தையில் கீரை வாங்கும்போதும், கல்யாண வீட்டிலும் பெற்றோர் என்னிடம் கேட்பதை இங்கே எழுதியிருக்கிறேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரியில் பதில் முடிந்துவிடும். சிலவற்றை என்னால் சுருக்க முடியவில்லை.

எல்லாமே கைப்பேசியில் வந்துவிட்டது. இனிமேல் கையால் எழுதிப் பழகி என்ன ஆகப்போகிறது, டீச்சர்?

எனக்குக் கைப்பேசி மேல் கோபம் இல்லை. ஈப்போவில் இருக்கும் மகளோடு நானும் வாட்ஸ்அப்பில்தான் பேசுகிறேன். ஆனால் "உலகம் முழுக்கக் கையெழுத்து குறைகிறது, நம் ஊரிலும் குறைகிறது" என்று நாம் சொல்லிவிட்டுப் போவதில் ஒரு பிழை இருக்கிறது. அங்கே குறைவது ஒன்று, இங்கே குறைவது இன்னொன்று.

மேல்நாடுகளில் பெரும்பாலும் கூட்டெழுத்தைப் பற்றித்தான், அதாவது எழுத்துகளை ஒன்றோடொன்று இணைத்து எழுதுவதைப் பற்றித்தான், கவலைப்படுகிறார்கள். பின்லாந்து 2016இல் கூட்டெழுத்தைக் கட்டாயப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டது. கலிபோர்னியா 2023இல் சட்டம் போட்டு, 2024 முதல் 1ஆம் வகுப்பிலிருந்து 6ஆம் வகுப்புவரை அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அங்கே பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தட்டச்சுக்குப் போனாலும் எழுத்து அதே எழுத்து. காகிதத்தில் இருந்தது திரைக்குப் போகிறது.

நம் பிள்ளை பேனாவைக் கீழே வைத்தால் தமிழ் எழுத்தையும் சேர்த்தே கீழே வைக்கிறது. திரையில் அது எழுதுவது ரோமன் எழுத்தில் தமிழ். போன ஆண்டு வகுப்பிலிருந்த இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளிடம், "இன்று மதியம் என்ன சாப்பிட்டீர்கள், வாட்ஸ்அப்பில் எனக்குத் தமிழில் எழுதி அனுப்புங்கள்" என்றேன். ஒருவர் பாக்கியில்லாமல் அனுப்பினார்கள். தமிழ் எழுத்தில் அனுப்பியவள் ஒரே ஒரு பெண். மற்றவர்கள் எல்லாம் "தமிழில்தானே டீச்சர் எழுதியிருக்கிறோம்" என்று நின்றார்கள். உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார்கள். ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகள்.

அதனால்தான் இந்த வகுப்பு. கை எழுதுகிற வரைக்கும்தான் தமிழ் எழுத்து இந்தப் பிள்ளைகளிடம் உயிரோடு இருக்கிறது. பள்ளி நோட்டு மூடிய பிறகு அவர்கள் வாழ்க்கையில் அது வேறெங்கும் வருவதில்லை.

ரோமன் எழுத்தில் எழுதினாலும் தமிழ் தமிழ்தானே? என்ன தப்பு?

பேச்சு தமிழ்தான். ஆனால் வலி, வழி, வளி மூன்றும் அங்கே ஒன்றாகிவிடும். பள்ளிக்கும் பல்லிக்கும் வேறுபாடு போய்விடும். போதாததற்கு நம் நாட்டில் ஒரு பிள்ளை மலாய் உச்சரிப்புப்படி எழுத்துக் கூட்டும், இன்னொரு பிள்ளை ஆங்கிலப்படி எழுத்துக் கூட்டும். ஒரே வீட்டில் அண்ணன் அனுப்பியதைத் தங்கை சத்தம் போட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறாள்.

நம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எழுதுபொருள் கடை வைத்திருக்கும் சீனப் பெரியவர் இதே குறையைச் சொல்வார். பேரப்பிள்ளைகளுக்குச் சீன எழுத்தைப் பார்த்தால் தெரிகிறது, கையால் எழுதச் சொன்னால் பாதியில் நின்றுவிடுகிறது என்பார். சீனத்தில் இதற்கென்றே நான்கு எழுத்தில் ஒரு தொடர் உண்டு: பேனாவை எடுத்தால் எழுத்து மறக்கிறது என்று பொருள். ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்தப் பிள்ளைகள் ரோமன் எழுத்தில் தட்டினாலும் திரையில் வந்து நிற்பது சீன எழுத்து. கை மறந்தாலும் கண் மறக்கவில்லை. நம் பிள்ளைகளுக்குத் தட்டுவதும் ரோமன், வந்து நிற்பதும் ரோமன். கையும் மறக்கிறது, கண்ணும் மறக்கிறது.

அப்படியானால் கைப்பேசியில் தமிழ் எழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதாதா?

கட்டாயம் போட்டுக் கொடுங்கள். இன்று மாலையே செய்யுங்கள். அமைப்புகளுக்குள் போய் விசைப்பலகையில் தமிழைச் சேர்க்க இரண்டு நிமிடம் ஆகாது. அஞ்சல் முறையில் ஒலியைத் தட்டினால் தமிழ் எழுத்து வரும். தமிழ்99 முறையில் தமிழ் எழுத்துகளே விசையில் இருக்கும். இதில் நமக்குப் பெருமைப்பட ஒரு காரணமும் உண்டு. 1985இல் கணினியில் தமிழ் தட்டும் முரசு மென்பொருளை உருவாக்கியதும், 2005இல் கைப்பேசியில் தமிழ் எழுதச் செல்லினம் என்ற செயலியைக் கொண்டுவந்ததும் நம் நாட்டு முத்து நெடுமாறன்தான். மலேசியத் தமிழர் ஒருவர் செய்து கொடுத்ததை உலகத் தமிழர் பயன்படுத்துகிறார்கள். நம் பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றால் எனக்கு வயிறு எரிகிறது.

போதுமா என்றால், போதாது. ஏன் என்று ஒரு பிள்ளையின் நோட்டை வைத்துச் சொல்கிறேன்.

படிவம் 2 படிக்கும் பையன். கைப்பேசியில் தமிழ் எழுத்திலேயே விறுவிறு என்று தட்டுவான், அம்மா ஊக்கமானவர். அவனிடம் "நூல்" என்று எழுதச் சொன்னேன். ந போட்டான். நிறுத்தினான். பிறகு கொஞ்சம் தள்ளி ஒரு வளைவைத் தனியாகப் போட்டான். கேட்டால், "ஊ சேர்த்தால் அது என்ன ஆகும் என்று தெரியவில்லை டீச்சர், தட்டினால் தானாக வரும்" என்றான். உகர ஊகார வரிசையை நினைத்துப் பாருங்கள். கு ஒரு மாதிரி வளையும், சு ஒரு மாதிரி இறங்கும், து ஒரு மாதிரி காலை நீட்டும், மு ஒரு மாதிரி திரும்பும். க-வோடு ஊ சேர்ந்தால் கூ, அதன் உருவம் தனி. இதையெல்லாம் இயந்திரம் அவனுக்காகச் சேர்த்துக் கொடுத்துவிட்டது. அவன் கை ஒரு தடவையும் சேர்த்ததில்லை.

இன்னொன்று, இதைப் பெரியவர்களே கவனித்திருக்க மாட்டீர்கள். "கொக்கு" என்று தட்டும்போது முதலில் க, பிறகு ஒ. காதில் விழும் வரிசையிலேயே விரல் போகிறது. கையால் எழுதும்போது முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். அதாவது பேனா காகிதத்தைத் தொடும் முன்பே அந்த எழுத்தின் முழு ஓசையும் உள்ளே கேட்டாக வேண்டும். ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்பதும் அப்போதே முடிவாக வேண்டும். கெடுப்பதா கேட்பதா என்று தெரியாமல் கொம்பு போட முடியாது. ஒவ்வொரு சொல்லிலும் பிள்ளை இப்படி ஒரு கணம் நின்று கேட்கிறது. அந்த ஒரு கணத்தில்தான் மொழி உள்ளே இறங்குகிறது என்று 31 ஆண்டு கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்.

இதற்கு ஆய்வு ஏதாவது உண்டா, இல்லை அனுபவம் மட்டும்தானா?

உண்டு. 2024இல் நார்வேயின் துரொண்ட்ஹைம் நகரில் உள்ள பல்கலைக்கழகத்தில் 36 மாணவர்களின் தலையில் 256 உணரிகள் கொண்ட வலையை மாட்டிச் சோதித்து வெளியிட்டார்கள். கையால் எழுதும்போது மூளையின் பல பகுதிகள் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்கின. தட்டும்போது அந்த அளவுக்கு இல்லை. ஆனால் அந்தச் சோதனையில் தட்டியது ஒரே ஒரு விரலால். பத்து விரலாலும் தட்டுகிறவருக்கு அது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன்.

2014இல் அமெரிக்காவில் ஒரு புகழ்பெற்ற ஆய்வு, விரிவுரையைக் கையால் குறிப்பெடுத்தவர்கள் மடிக்கணினியில் எடுத்தவர்களைவிடக் கருத்தை நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்றது. பிறகு மற்றவர்கள் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அவ்வளவு தெளிவாக வரவில்லை. ஆகவே "கையால் எழுதினால் அறிவு வளரும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை அப்படியே நம்ப வேண்டாம்.

எனக்கு உறுதியாகப் படுவது சின்னப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு. 2012இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில், இன்னும் வாசிக்கத் தெரியாத சிறு பிள்ளைகளைச் சில எழுத்துகளைத் தாமே வரையவிட்டார்கள், சிலவற்றைப் புள்ளிமேல் இழுக்கவிட்டார்கள், சிலவற்றைத் தட்டவிட்டார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டியபோது, தாமே வரைந்த எழுத்துகளுக்குத்தான் வாசிப்புக்குரிய மூளைப் பகுதிகள் விழித்தன. கோணல்மாணலாக இருந்தாலும் பிள்ளையே எழுத வேண்டும். புள்ளிமேல் புள்ளி வைத்த பயிற்சிப் புத்தகத்தை நான் முதல் இரண்டு வாரத்துக்கு மேல் கொடுக்காததற்கு இதுதான் காரணம்.

திரையில் பேனா வைத்து எழுதினால்?

அதுவும் எழுத்துதான். நான் சொன்ன 2024 ஆய்வில் மாணவர்கள் எழுதியதே திரைமேல், மின்பேனாவால். வசதி இருந்தால் தாராளமாக. பென்சிலும் ஒரு நோட்டும் இரண்டு மூன்று வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்துவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

என் மகன் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. எப்படித் திருத்துவது?

முதலில், அவன் எழுதும்போது பக்கத்தில் நின்று திட்டாதீர்கள். நான் இளம் ஆசிரியையாக இருந்தபோது பிழையாக எழுதிய சொல்லை நூறு தடவை எழுதி வரச் சொல்வேன். எல்லாரும் அப்படித்தான் செய்தோம். எண்பதாவது தடவையில் அந்த எழுத்து முதல் தடவையைவிடக் கேவலமாக இருக்கும். எழுத்தைத் தண்டனையாக்கிக் கொடுத்தது நாங்கள்தான். வேறு வழி வந்ததும் பிள்ளைகள் அதை விட்டு ஓடிவிட்டார்கள். அதற்காக இன்னும் வருந்துகிறேன்.

எழுத்தை அகர வரிசையில் தொடங்க வேண்டாம். அ என்பது சுழியும் வளைவும் கோடும் சேர்ந்த கடினமான எழுத்து. இ அதைவிடக் கடினம். விஜயதசமிக்குத் தாம்பாளத்து அரிசியில் விரல் பிடித்து அ எழுதுவது வேறு, அது தொடங்கிவைக்கும் சடங்கு. கை பழக ட, ப, ம. மூன்றிலும் பெரும்பாலும் நேர்க்கோடுதான். அடுத்து ய, வ, ர. அதன் பிறகு சுழி. இரண்டு சுழி ன வந்தபின் மூன்று சுழி ண. இ, ஐ, ஞ, ழ எல்லாம் கடைசியில்.

பென்சில் கட்டைவிரல் நீளத்துக்கு இருந்தால் பிள்ளை தானாகவே சரியாகப் பிடிக்கும். நீளப் பென்சிலைத்தான் கைப்பிடியாகப் பிடிக்கிறார்கள். பாதம் தரையில் பட வேண்டும். மேசை உயரமாக இருந்தால் காலுக்கு ஒரு பலகை போடுங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், அதற்குமேல் வேண்டாம்.

அழகு பிறகு வரும், அல்லது வராமலே போகும். இன்னொருவர் தடுமாறாமல் படிக்க முடிந்தால் அது நல்ல கையெழுத்து. கையெழுத்தை வைத்துக் குணம் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

பிள்ளை இடதுகைப் பழக்கம். மாமியார் மாற்றச் சொல்கிறார்.

மாற்றவே கூடாது. மாமியாரிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். நோட்டை வலப்பக்கம் சாய்த்து வைத்தால் எழுதியது கைபட்டுக் கலையாது.

பத்து வயதாகிறது, எழுத உட்கார்ந்தாலே அழுகிறாள். கை வலிக்கிறது என்கிறாள். சோம்பலா?

நன்றாகப் பேசுகிறாள், கதை சொல்கிறாள், எழுத மட்டும் முடியவில்லை என்றால் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுதுவதில் மட்டும் இடர்ப்படும் பிள்ளைகள் உண்டு. அடித்தாலும் வராது, பரிசு கொடுத்தாலும் வராது. சுகாதார நிலையத்தில் மருத்துவரிடம் காட்டி, அரசு மருத்துவமனையின் பெமுலிஹான் சாரா கெர்ஜா (தொழில்வழிச் சிகிச்சை) பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். விரல் வலுவுக்கும் பிடிப்புக்கும் அங்கே பயிற்சி கொடுப்பார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தட்டச்சு பெரிய வரம். தமிழ் எழுத்தில் தட்டட்டும். இந்த வகுப்புக்கும் வரட்டும். எங்களோடு உட்கார்ந்து வாசிக்கலாம்.

தேர்வுக்கு உதவுமா?

உதவும். படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் தமிழ்மொழித் தாளும் தமிழ் இலக்கியத் தாளும் இன்றும் கையால்தான் எழுதப்படுகின்றன. ஆண்டு 6 பிள்ளைகளுக்கான யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நின்றது, படிவம் 3 பிள்ளைகளுக்கான பி.டி.3 தேர்வு 2022இல் நின்றது. அந்தத் தேர்வுகள் பிள்ளைகளை வாட்டியது உண்மை. போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவற்றுக்காகவாவது வாரம் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்த கை, 2020 மார்ச்சில் பள்ளி மூடியதும் நின்றது, பல பிள்ளைகளிடம் திரும்ப அசையவே இல்லை. படிவம் 5இல் திடீரென்று பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுத உட்கார்ந்தால் பாதியில் விரல் மரத்துப்போகிறது.

பாட்டி எழுதிய கடிதங்கள் வீட்டில் இருக்கின்றன. தமிழ் படித்த எங்களாலேயே வாசிக்க முடியவில்லை. ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

ஓர் இளைஞர் பிஸ்கட் தகரத்தில் ஒரு கட்டு நீல விமானக் கடிதங்களைக் கொண்டுவந்தார். தாத்தாவின் அண்ணன் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து எழுதியவை. "பாதிதான் புரிகிறது டீச்சர், முக்கியமான இடத்தில் எல்லாம் ஒரு விசித்திர எழுத்து வருகிறது" என்றார். விரலை வைத்துக் காட்டினார். "நீ அனுப்பிய பணம் இன்னும் வரவில்" என்றுவரை படித்திருக்கிறார். அதற்கடுத்த எழுத்து தெரியவில்லை. வந்ததா வரவில்லையா என்றே அவருக்குத் தெரியாது.

அந்த எழுத்து லை. பழைய எழுத்தில் ணை, லை, ளை, னை நான்குக்கும் இன்றைய ஐகாரக் கொம்பு கிடையாது. எழுத்தோடு ஒட்டி யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு மேலே எழும்பி நிற்கும். இல்லை, வரவில்லை, தெரியவில்லை என்று "இல்லை" சேர்த்து மறுத்துச் சொல்வதெல்லாம் லையில்தான் முடிகிறது. அந்த ஓர் எழுத்து தெரியாமல் போனதால் தாத்தா வீட்டுக் கடிதங்களில் இருந்த "இல்லை" எல்லாம் அவருக்கு மறைந்துபோயிருந்தன. அந்த எழுத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் காட்டினேன். தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கடிதமாக எடுத்து "இல்லை, இல்லை" என்று வாய்விட்டுப் படித்துக்கொண்டே இருந்தார்.

அதேபோல ணா, றா, னா மூன்றுக்கும் கால் தனியாக வராது. எழுத்தின் கடைசிக் கோடே கீழே வளைந்து சுழிந்துவிடும். ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகியவையும் அப்படித்தான். மொத்தம் 13 எழுத்துகள். 1929இல் மலாயாவுக்கு வந்துபோன பெரியார், 1935இல் குடி அரசு இதழில் இவற்றைச் சீர்திருத்தி அச்சிடத் தொடங்கினார். தமிழ்நாட்டு அரசு 1978இல் அதை ஏற்று ஆணை போட்டது. நம் பாடநூல்களும் பிறகு அந்த வழிக்கு வந்தன. சீர்திருத்தம் நல்லதுதான், நானும் அப்படித்தான் கற்பித்தேன். ஆனால் 13 எழுத்து மாறியதற்கே ஒரு பேரன் தாத்தாவின் கடிதத்துக்கு வெளியே நிற்கிறான். 247 எழுத்தையும் விட்டுவிட்டால் அவன் பேரன் எங்கே நிற்பான்?

இன்னும் சில குறிகள் வரும். ௳ என்றால் நாள், ௴ மாதம், ௵ வருடம், ௸ என்றால் மேற்படி. உச்சியில் இருக்கும் உ பிள்ளையார் சுழி. அவசரத்தில் எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டிருப்பார்கள். வாய்விட்டுப் படித்தால் புரிந்துவிடும்.

பாதுகாக்க நினைத்தால் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். ஒருமுறை ஒட்டினால் ஒட்டியதுதான். வெயில் படாத இடத்தில் வைத்து, இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அலமாரியின் அடித்தட்டு ஆகாது.

பாட்டிமார் எதற்கு வகுப்புக்கு வருகிறார்கள்?

ஒருவர் பார்வை மங்காமல் இருக்கவேண்டும் என்று வருகிறார். மற்றவர் தன் பெயரை எழுத வருகிறார்.

அவருக்கு 78 வயது. பத்து வயதில் அம்மாவோடு கித்தாக் காட்டுக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துக்குப் போய், பால் வடியும் மங்குகளைத் (கிண்ணங்களை) துடைக்கத் தொடங்கியவர். 1912இல் வந்த தொழிலாளர் சட்டம், படிக்கும் வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. வந்த பள்ளி பல இடங்களில் ஒரு கொட்டகை. ஆசிரியர் பெரும்பாலும் கிராணி (தோட்டத்து எழுத்தர்), இல்லையென்றால் நாலு எழுத்துத் தெரிந்த ஒரு தொழிலாளி. ஆண் பிள்ளைகளையாவது அனுப்பினார்கள். பெண் பிள்ளை தம்பியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று கேட்டதோடு சரி.

சம்பள நாளில் ஆபீஸ் மேசைக்கு முன்னால் வரிசை. பெயர் கூப்பிட்டதும் கிராணி விரலைப் பிடித்து மைத்தட்டில் அழுத்தி, செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) ஒற்றுவார். கைநாட்டு. "கைநாட்டுக்காரி" என்று சொன்னால் அது வசவு. விரலில் ஊதா மையோடு லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடு) திரும்பும் வழியெல்லாம் அதைப் புல்லில் தேய்த்துக்கொண்டே வருவேன் என்று பாட்டி சொன்னார். மை போன பிறகும் தேய்ப்பாராம்.

என் அப்பாவும் ரப்பர் பால் வெட்டியவர்தான். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960இல், இந்த ஊர்க்காரரும் அப்போதைய அமைச்சருமான துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டம் வாங்கினார். அந்தப் பாரத்தில் (விண்ணப்பப் படிவத்தில்) அப்பா கையெழுத்துப் போட்டார். வீட்டில் பணத்தைப் பற்றிப் பேசியதைவிட அந்தக் கையெழுத்தைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.

பாட்டியின் பெயரில் ஒரு ழ இருக்கிறது. அதற்கு மட்டும் மூன்று சனிக்கிழமை ஆனது. கீழே இறங்கித் திரும்பும் இடத்தில் பென்சில் வழுக்கும். அழித்து அழித்துத் தாள் கிழிந்தது. போன மாதம் ஓர் அலுவலகத்தில் பாரம் நிரப்பப் போயிருக்கிறார். முகப்பில் இருந்த பெண் அவர் வயதைப் பார்த்துவிட்டு மைத்தட்டை எடுத்து நீட்டியிருக்கிறாள். பாட்டி, "பேனா குடும்மா" என்று கேட்டு வாங்கியிருக்கிறார். அந்தப் பாரத்தின் நகல் இப்போது அவர் வீட்டுச் சாமிமாடத்தில் இருக்கிறது.

அவருடைய பேரன் கைப்பேசியைத் திறப்பது பெருவிரல் ரேகையால். பாட்டி அதை ஒருநாள் உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏம்மா, இவனுமா கைநாட்டு வைக்கிறான்?" என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

வீட்டில் பிள்ளை எதை எழுதுவது? பார்த்து எழுதினால் சலித்துப்போகிறது.

சலிக்கத்தான் செய்யும். யாராவது படிக்கப்போகிறார்கள் என்றால்தான் எழுதுவதற்கு ருசி. கடைக்கு எடுத்துப்போகும் மளிகைச் சீட்டைப் பிள்ளை எழுதட்டும். கொத்தமல்லியில் ஒற்று விட்டால் சிரித்துவிட்டு வாங்குங்கள். கோயில் அர்ச்சனைச் சீட்டில் குடும்பத்தார் பெயர், நட்சத்திரம். அத்தையின் மீன்குழம்புப் பக்குவம், அத்தை சொல்லச் சொல்ல. சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு ஒரு கடிதம், உண்மையாகவே அஞ்சல்தலை ஒட்டி. கடிதம் போய்ச் சேர்ந்ததும் அவர் போன் பண்ணுவார் பாருங்கள், அதற்குமேல் அந்தப் பிள்ளையை எழுதச் சொல்லத் தேவையில்லை.

மொய் நோட்டையும் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டு வாசலில் மேசை போட்டு மொய் எழுத நல்ல கையெழுத்துக்காரரைத் தேடி அழைப்பது நம் வழக்கம். இப்போது பல இடங்களில் உறையை வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். சென்ற தைமாதம் ஒரு கல்யாணத்தில் என் வகுப்பு மாணவன், படிவம் 3, மொய் எழுத உட்கார்ந்தான். முதலில் ஊர், பிறகு பெயர், பிறகு தொகை. "எல்ஃபில் தோட்டம்" என்று ஒரு தாத்தா சொன்னார். எல்ஃபிலை விட்டு டவுனுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு. ஆனாலும் எல்ஃபில் தோட்டம் என்றுதான் சொன்னார். ஹேவூட், டோவன்பி என்று அடுத்தடுத்து வந்தவர்களும் அப்படியே. பையன் எழுதி முடிக்கும்வரை ஒவ்வொருவரும் மேசைமேல் குனிந்து தங்கள் தோட்டத்தின் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள்.

தேசியப்பள்ளியில் படிக்கும் பிள்ளை, தமிழே எழுதத் தெரியாது. சேர்க்கலாமா?

சேர்க்கலாம். அந்தப் பிள்ளைகள்தான் முதலில் வரவேண்டும். எந்த வயதானாலும் ட, ப, ம-விலிருந்து தொடங்குவோம். மூன்றாம் வாரம் "படம்", "பட்டம்" என்று எழுதிக்கொண்டு வீட்டுக்கு வரும்.

கட்டணம் எவ்வளவு? என்ன கொண்டுவர வேண்டும்?

கட்டணம் இல்லை. இரட்டைக்கோடு நோட்டு ஒன்று, 2பி பென்சில் இரண்டு, அழிப்பான் ஒன்று. மண்டபத்தில் மின்விசிறி ஒன்றுதான் ஓடுகிறது, தண்ணீர் கொடுத்துவிடுங்கள். கைப்பேசி கொண்டுவரலாம், தமிழ் விசைப்பலகை போட்டுக் கொடுத்து அனுப்புகிறேன். வீட்டில் பழைய கடிதமோ, தாத்தா எழுதிய கணக்கு நோட்டோ இருந்தால் முதல் நாள் அதையும் ஒரு உறையில் வைத்துக் கொண்டுவாருங்கள். பிள்ளை முதலில் வாசிக்கப்போவது அதைத்தான்.